கழுவிய மணல்

ஜூன் 3

லேப் எசமானியம்மாவுக்கு,

உன் வீட்டுக்காரன், முன்னாள் மேஸ்திரி, இந்நாள் மீனுங்களுக்கு ஆயா, எழுதிக்கிறது.

போன் அடிச்சா நீ எடுக்க மாட்டேங்குற. உங்க அக்கா எடுத்தாங்க. "போன்ல பேசினா நீங்க கேலி பண்ணியே அவ பேச்சை முடிச்சிடுவீங்களாம். எதா இருந்தாலும் எழுதச் சொல்றா. கடுதாசியில யாரும் நடுவுல வந்து விழ முடியாது பாருங்க"ன்னு சொல்லிட்டு டொக்குனு வச்சுட்டாங்க. இடுப்பெலும்பு உடைஞ்சு படுத்திருக்கிறவங்க குரலா அது? ரிட்டயர் ஆனாலும் ஹெட்மாஸ்டர் ஹெட்மாஸ்டர்தான். நான் கையைக் கட்டிக்கிட்டு நின்னேன்.

அஞ்சாம் கிளாஸைப் பாதியில விட்டவனை இந்த வயசுல கடுதாசி எழுத வைக்கிற. படி.

தொட்டி நல்லா இருக்கு. ஆவியாப் போற அளவுக்கு தினம் நல்ல தண்ணி ஊத்துறேன். உப்புத் தண்ணி ஊத்தல. நீ போறப்ப வாசல்ல நின்னு ரெண்டு தடவை சொன்னியே, மறக்கல. என்கிட்ட பேசாம செவுத்தைப் பாத்து சொன்ன, ஆனாலும் கேட்டுக்கிட்டேன்.

அந்த ஆரஞ்சு ஜோடி சௌக்கியம். பொம்பளைதான் பெருசு, ஆம்பளை பாதிதான் இருக்கான். அது திரும்பினா இவனும் திரும்புறான், முறைச்சா அப்படியே குலுங்கிக்கிட்டு ஒதுங்கி நிக்குறான். பாத்தா எனக்கு ஆறுதலா இருக்கு. உலகத்துல நான் ஒருத்தன் மட்டும் இல்ல.

உன் மஞ்சளு பயலும் நல்லா இருக்கான். சாயந்தரம் விளக்கு மங்கினதும் தலைகுப்புற மணலுக்குள்ள பாய்ஞ்சுடுறான். போர்வை இழுத்து மூடிக்கிற மாதிரி. காலையில எந்த மூலையில இருந்து எந்திரிப்பான்னு நானே எனக்குள்ள பந்தயம் கட்டிக்கிறேன். நானே தோக்குறேன்.

ஒண்ணு மட்டும் சொல்லணும். உன் மணல் ரொம்ப மோசம். மேல பழுப்பா படிஞ்சு கிடக்கு. பக்கத்துக் கண்ணாடி வழியா பாத்தா அடியில கருப்பா ஒரு கோடு ஓடுது. நம்ம சைட்டுக்கு இப்படி ஒரு லோடு வந்திருந்தா லாரியைத் திருப்பி அனுப்பியிருப்பேன். "ஒரு நாளாவது இந்தத் தொட்டிக்கு ஒரு வேலை செஞ்சிருக்கீங்களா"ன்னு கேட்டல்ல? அதைச் சுத்தி செவுரு கட்டினது யாருன்னு கேக்க வாய் வந்துச்சு. அடக்கிக்கிட்டேன். நீ வர்றதுக்குள்ள உனக்கு ஒரு ஆச்சரியம் பண்ணி வைக்கிறேன்.

எப்ப வர்ற?

மேஸ்திரி

*

ஜூன் 9

உங்கள் கடிதம் இன்று வந்தது. முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆச்சரியத்தைச் செய்யாதீர்கள். மணலைத் தொடாதீர்கள்.

அந்தக் கருப்புக் கோடு அழுக்கு இல்லை. அது காற்றுப் போகாத இடம். ஐந்து வருடமாக அங்கே ஊறிக் கிடப்பது கிளறாதவரை ஒன்றும் செய்யாது. கிளறினால் விஷம். மேலே இருக்கும் மணல் உயிருள்ள மணல். அதில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்கள் இருந்து மீன் கழிவைத் தின்று தண்ணீரைத் தாங்குகின்றன. கட்டடத்து மணல் போல நினைக்காதீர்கள். பழுப்பை என்ன செய்வதென்று நான் பிறகு சொல்கிறேன்.

சுவர் கட்டினீர்கள். உண்மை. அதற்குப் பிறகு, "இந்தம்மா கடலை வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டா, இனிமே கப்பல்தான் பாக்கி" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் ஐந்து வருடம் சொன்னீர்கள். அதுவும் உண்மை.

அக்கா வாக்கர் பிடித்து அறைக்குள் நடக்கிறாள். குளிக்க வைக்க, கட்டிலில் ஏற்ற, ஒருவர் வேண்டும். முதுகு வலிக்கிறது. ஆனால் இந்த வீட்டில் சத்தம் இல்லை. யாரும் எதற்கும் சிரிப்பதில்லை. எனக்கு இப்போது அது வேண்டியிருக்கிறது.

எப்போது வருவேன் என்று கேட்டிருக்கிறீர்கள். தெரியாது. வருவேனா என்று கேட்டாலும் அதே பதில்தான்.

மணலைத் தொடவில்லை என்று உடனே எழுதுங்கள்.

*

ஜூன் 13

அம்மா தாயே,

உன் கடுதாசி ரத்த ரிப்போர்ட் மாதிரியே இருக்கு. கீழ கையெழுத்து மட்டும்தான் இல்ல. சர்க்கரை எவ்வளவு, உப்பு எவ்வளவுன்னு தேடிப் பாத்தேன். உப்புதான் ஜாஸ்தி.

இங்க எல்லாம் ஒரு மாதிரி ஓடிக்கிட்டிருக்கு. முட்டி வலி. தண்ணி பக்கெட்டு தூக்கி தோள்பட்டையும் பிடிச்சுக்கிச்சு. வாரா வாரம் இதை நீ எப்படித் தூக்கின? சொல்லவே இல்லையே.

இப்ப சும்மா பொது அறிவுக்கு ஒண்ணு கேக்குறேன். ஒருத்தர் புதுசா கடல் தொட்டி வைக்கிறார்னு வச்சுக்கோ. நம்மளது மாதிரியே பெருசு, ஆள் படுக்கிற நீளம். அவர் என்ன மணல் போடணும்?

எனக்குத் தெரியாதுன்னு நினைக்காத. மணல்ல பொறந்து மணல்ல வளர்ந்தவன் நான். கையில பிடிச்சு அமுக்கித் தொறந்தா உருண்டையா நிக்கக் கூடாது. பாட்டில்ல போட்டுத் தண்ணி ஊத்தி குலுக்கி வச்சா, சேறு மேல தனியா படியும், ஒரு கோடு கனத்துக்கு மேல படிஞ்சா அந்த மணல் வேண்டாம். பல்லுல வச்சுக் கடிச்சா 'நற'ன்னு கேக்கணும். பல்லு செட்டு மாட்டினதுல இருந்து அந்த டெஸ்ட்டை மட்டும் விட்டுட்டேன். இதெல்லாம் செஞ்சு, என் பழைய சைட்டுல இருந்து அருமையான ஆத்து மணல் ஒரு மூட்டை கொண்டு வந்து வச்சிருக்கேன். பொன்னு மாதிரி இருக்கு. அதைப் போடலாமா? அந்த ஆளு கேக்குறார்.

மீன்கடைக்காரர் வேற மாதிரி சொல்றார். சர்க்கரை மாதிரி பொடி மணல் ஒண்ணு வச்சிருக்கார், கடுகு மாதிரி ஒண்ணு வச்சிருக்கார், ஒடைச்ச பவளக்கல்லு ஒண்ணு வச்சிருக்கார். எதைக் கேட்டாலும் "அம்மாவைக் கேளுங்க"ங்குறார். இவ்வளவு வயசானவன் எதிர்ல நிக்கிறேன், என் மூஞ்சிக்கு ஒரு மரியாதை இல்ல.

இன்னொண்ணு. மணலே போடாம வெறும் கண்ணாடியோட விட்டுட்டா சுத்தம் பண்றது சுலபமாமே? அந்த ஆளுக்கு வயசாகுது. அதான் கேக்குறேன்.

உங்க அக்காவுக்கு என் வணக்கம். ஓடிப் பிடிச்சு விளையாட எப்ப வருவாங்கன்னு கேட்டதா சொல்லு.

மேஸ்திரி

*

ஜூன் 18

மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்ட ஒரு வரி அதில் இல்லை.

ஆரஞ்சு ஜோடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மஞ்சளைப் பற்றி இல்லை. தொட்டியைப் பற்றி, "ஒரு மாதிரி ஓடுகிறது" என்று இருக்கிறது. முப்பது வருடம் லேபில் இருந்தவளுக்கு, வராத ரிப்போர்ட்டையும் படிக்கத் தெரியும்.

என்ன செய்தீர்கள்? எது உயிரோடு இருக்கிறது?

கேலி இல்லாமல் எழுதுங்கள். ஒரே ஒரு கடிதம். உங்களால் முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. இதுவரை பார்த்ததில்லை.

*

ஜூன் 22

எழுதுறேன்.

உன் கடுதாசி வர்றதுக்கு முன்னாடியே மணலைத் தொட்டுட்டேன். முதல் கடுதாசியைத் தபால்ல போட்டுட்டு வந்தேனே, அன்னைக்கே.

பூச்சுவேலைக்கு வச்சிருந்த கரணையை எடுத்துச் சோப்பு போட்டுக் கழுவினேன். மூலையில இருந்து ஆரம்பிச்சேன். மஞ்சளு மணலுக்குள்ள இருந்து படக்குனு வெளிய வந்தான். கரணை பட்டுடும்னு அவனை மட்டும் வலையில பிடிச்சு பக்கெட்டுல விட்டேன். அப்புறம் நல்லா அடியில வரைக்கும் இறக்கித் தோண்டினேன். கருப்பா வந்துச்சு. அழுகின முட்டை நாத்தம். அழுக்கு வெளிய வருதுன்னு எனக்கு சந்தோஷம். பாதி மணலை சட்டியில அள்ளிக்கிட்டுப் பின்னாடி குழாயடிக்குப் போயிட்டேன். சல்லடையில போட்டு, குழாய்த் தண்ணியில, தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் அலசினேன். வெள்ளை வெளேர்னு வந்துச்சு. இதைப் பாத்தா நீ என்ன சொல்லுவன்னு நினைச்சுக்கிட்டே அலசினேன்.

திரும்பி வந்து பாத்தா பெருசு பக்கவாட்டுல கிடந்துச்சு. சின்னவன் அது பக்கத்துலயே மூச்சு வாங்கிக்கிட்டுச் சுத்திக்கிட்டிருந்தான். நான் என்ன பண்றதுன்னு தெரியாம கையை உள்ள விட்டுப் பெருசைத் தூக்கி நிமித்தி வச்சேன். திரும்பவும் சாஞ்சுடுச்சு. கடைக்காரரைக் கூப்பிட்டேன். அவர் வர்றதுக்குள்ள சின்னவனும் போயிட்டான். பவளப்பூ எல்லாம் சுருங்கி, ரெண்டு நாள்ல வெள்ளையாப் போச்சு. ஒரு பாறையில மட்டும் பச்சைக் காளான் மாதிரி ஒண்ணு இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு. அது உயிரோட இருக்கா இல்லையான்னு எனக்குப் பாக்கத் தெரியல.

மஞ்சளு இருக்கான். கரணை படக் கூடாதுன்னு எடுத்து வச்சதால பொழைச்சான். துணி ஊற வைக்கிற பெரிய டப்புல, போறதுக்கு முன்னாடி நீ கலக்கி மூடி வச்சிருந்தியே, அந்த உப்புத் தண்ணியில விட்டிருக்கேன். கடைக்காரர் காத்துக் குழாய் போட்டுக் கொடுத்தார். குதிச்சுடுவான்னு மேல வலை கட்டியிருக்கேன்.

ஆனா சாயந்தரம் ஆச்சுன்னா பாக்க முடியல. அவன் தூங்கறதுக்குத் தலைகுப்புறப் பாயுறான். கீழ மணல் இல்ல, வெறும் பிளாஸ்டிக். டொக்குனு முட்டுது. கொஞ்சம் தள்ளிப் போய் திரும்பப் பாயுறான், திரும்ப முட்டுது. மூக்கு வெளுத்துப் போச்சு. விளக்கைச் சீக்கிரம் அணைச்சுப் பாத்தேன், லேட்டா அணைச்சுப் பாத்தேன். ஆத்து மணலைப் போடப் போனேன். கடைக்காரர் கையைப் பிடிச்சுத் தடுத்துட்டார், அம்மா சொல்லாம எதையும் போடாதீங்கன்னு. அதனாலதான் அன்னைக்கு எந்த மணல்னு கேட்டேன். வேற யாரோ கேக்குறார்னு எழுதினேன். யாரும் கேக்கல.

தொட்டியில மீன் ஒண்ணும் இல்ல. மோட்டார் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு. நிறுத்தலாமான்னு தெரியல. நிறுத்தினா வீட்டுல சத்தமே இல்லாமப் போயிடும்.

அவ்வளவுதான்.

*

ஜூன் 26

கடிதம் கிடைத்தது. உடனே கடைக்காரருக்குப் போன் செய்து, ஒரு கிண்ணம் மணல் கொண்டு போய் டப்பில் வைக்கச் சொன்னேன். இதற்குள் வைத்திருப்பார். மூன்று விரல் உயரம் இருக்க வேண்டும். உங்களுக்குப் போன் செய்யவில்லை. செய்திருந்தால் அழுதிருப்பேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். ஆற்று மணல் கூடாது. அது வேறு கல். அதில் இரும்புப் பொடி இருக்கும், காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டும். கடல் தொட்டிக்கு பவளமும் சிப்பியும் பொடிந்த மணல்தான் வேண்டும். வினிகரில் ஒரு சிட்டிகை போட்டால் பொங்கும். பொங்காத மணல் நமக்கு வேண்டாம். சர்க்கரைப் பொடி மணல் பார்க்க அழகு. மோட்டார் வேகத்தில் பறந்து பவளத்தின் மேல் படியும். உடைத்த கல்லில் மஞ்சள் பாய்ந்தால் உடம்பு கிழியும், அழுக்கும் தங்கும். நடுவில் உள்ளது நல்லது. வெறும் கண்ணாடி எல்லாவற்றையும் விடச் சுலபம்தான். ஆனால் மணலில் தூங்கும் மீனை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது.

இதெல்லாம் அந்தக் கிண்ணத்துக்காகச் சொல்கிறேன். தொட்டிக்காக இல்லை.

நான் திட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். கோபம் வரவில்லை. கோபம் இருந்தால்கூடப் பரவாயில்லை என்று நினைக்கிறேன். சலிப்பாக இருக்கிறது.

என் நீல மீன், நீலம், செத்த அன்று உங்கள் பழைய எஞ்சினியர் குடும்பத்தோடு வந்திருந்தார். "எனக்குப் போட்ட சோத்தை விட அதுக்குப் போட்ட தீனி ஜாஸ்தி சார், கடைசியில வறுக்கக்கூடத் தேறல" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தார், நானும் சேர்ந்து சிரிப்பேன் என்று. என் கையில் ஒரு ஈரத்துணி இருந்தது. நீலம் அதற்குள்தான் இருந்தது. அப்போதுதான் எடுத்திருந்தேன். அதை வைத்துக்கொண்டே காபி கலந்து கொடுத்தேன். இரண்டாவது நாள் அக்கா விழுந்த செய்தி வந்தது. அவளுக்காக வந்தேன் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். பாதி உண்மை.

தொட்டியைக் கொடுத்துவிடலாம். உங்களுக்குப் பல்லு செட்டு கட்டின டாக்டர், கிளினிக்கில் வைக்க ஒரு தொட்டி வேண்டும் என்று முன்பே கேட்டிருந்தார். எழுதியிருக்கிறேன், ஆள் அனுப்புவார். மஞ்சளைக் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். இனி யாரும் வாளி தூக்க வேண்டாம். நீங்களும்தான், உங்களுக்கும் வயதாகிறது.

அக்கா என்னை இங்கேயே இருந்துவிடச் சொல்கிறாள். யோசிக்கிறேன்.

*

ஜூலை 1

லேபு,

முதல்ல துணி விஷயம். அது துடைக்கிற துணின்னு நினைச்சேன். உன் கையில எப்பவும் ஒரு ஈரத்துணி இருக்கும், அதனால பாக்கல. இதுக்கு மேல என்ன எழுதினாலும் சப்பைக்கட்டா போயிடும். எழுதல.

கிண்ணம் வந்துச்சு. மூணு விரல் உசரம்னு சொன்னியாம். நான் என் விரலை வச்சு அளந்தேன், கிண்ணத்துக்கு மேல போயிடுச்சு. என் விரல் கரணை பிடிச்ச விரல், உன் விரல் ஊசி பிடிச்ச விரல். கடைக்காரர் பாதியை எடுத்துட்டு, "அம்மா விரல் சார்"னார். அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

மஞ்சளு அன்னைக்குச் சாயந்தரம் முட்டல. ஆனா கிண்ணத்துல இருந்தது ஒடைச்ச கல்லு. அவர் அவசரத்துல கைக்குக் கிடைச்சதைக் கொண்டு வந்துட்டார் போல. பயல் பாதி உடம்பை உள்ள விட்டுட்டு, முதுகு வெளிய தெரியப் படுத்திருந்தான். எனக்குப் பொறுக்கல. நம்ம சமையக்கட்டுல இருந்து நாலு கிண்ணம் எடுத்தேன். வினிகர் டெஸ்ட்டு செஞ்சேன். என் ஆத்து மணல் அசையல, மண்ணாங்கட்டி மாதிரி உக்காந்திருந்துச்சு. காந்தத்துக்குக் கருப்பு மீசை முளைச்சுடுச்சு. அந்த மூட்டையைத் தெரு முனையில திண்டு கட்டுறவங்களுக்குக் கொடுத்துட்டேன்.

சர்க்கரை மணல் ஒரு கிண்ணம், கடுகு மணல் ஒரு கிண்ணம், ஒடைச்ச கல்லு ஒரு கிண்ணம். நாலாவது கிண்ணத்துல என்ன போடறதுன்னு பாத்தேன். அன்னைக்கு நான் அலசின மணல் மாடியில தார்ப்பாயில காஞ்சுக்கிட்டுக் கிடக்கு. மிச்சப் பாதியையும் அப்புறம் வாரி அலசி அங்கயே கொட்டிக் காயப்போட்டுட்டேன். தூக்கிப் போட மனசு வரல. மணலைத் தூக்கி எறிஞ்சு எனக்குப் பழக்கம் இல்ல. அதுல ஒரு கை அள்ளி, சும்மா எண்ணிக்கைக்குப் போட்டேன். வினிகர்ல அதுவும் பொங்கிச்சு.

நாலையும் டப்புல இறக்கிட்டு ஸ்டூல் போட்டு உக்காந்தேன். கடைக்காரரும் உக்காந்தார். அவர் கடுகு மணல்னார். நான் சர்க்கரைன்னேன். விளக்கு மங்கிச்சு. பயல் ஒவ்வொண்ணு மேலயும் போய் நின்னு, ஒரு கண்ணால பாத்துட்டு வந்தான். பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை கெட்டான். அப்புறம் நேரா போய் நாலாவதுல பாய்ஞ்சான் பாரு, வால்கூட வெளிய தெரியல. அதுக்கப்புறம் தினமும் அதுலதான் தூங்குறான். மூக்கு தேறிடுச்சு.

கடைக்காரர் அந்த மணலைக் கையில எடுத்துப் பாத்துட்டு என்னவோ சொல்ல வந்தார். "அம்மாகிட்ட சொல்லுங்க"ன்னுட்டுப் போயிட்டார். என்னன்னு எனக்குத் தெரியல. சொல்லிட்டேன்.

அடுத்தது பல் டாக்டர் ஆளுங்க. நாலு பேரு வந்தாங்க. நீ சொல்லிட்ட, நான் குறுக்க நிக்கல. அளந்தாங்க. திரும்ப அளந்தாங்க. அப்புறம் தலையைச் சொறிஞ்சாங்க. தொட்டி எந்தப் பக்கமும் வெளிய போகாது. ஏன்னா, அது உள்ள வந்தப்புறம்தான் நான் ஹாலுக்கும் சமையக்கட்டுக்கும் நடுவுல செவுரு எடுத்தேன். ரெண்டு பக்கம் செங்கல்லு, மேல கான்கிரீட் லிண்டல், வழிச்சு எடுத்த பூச்சு. "யாரு சார் இப்படிக் கட்டினது"ன்னு ஒருத்தன் கேட்டான். "யாரோ கிறுக்கன்"னு சொன்னேன். பொண்டாட்டி பொருளு வெளிய போக வேண்டி வரும்னு யோசிக்காம கட்டியிருக்கான்.

தொட்டி போகணும்னா செவுரு இடியணும். சுத்தியலும் உளியும் எடுத்து செவுத்துப் பக்கத்துல வச்சிருக்கேன். கட்டினவனுக்கு எங்க தட்டினா விழும்னு தெரியும். உன் ஒரு வார்த்தை வந்தா போதும், இடிச்சுக் கொடுத்துடுறேன். கேலியா சொல்லல. அது உன் தொட்டி. இருக்கிறதா போறதான்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல.

டாக்டர் ஆளுங்க பதினஞ்சாம் தேதி திரும்ப வராங்க. அதுக்குள்ள எழுது.

மேஸ்திரி

*

ஜூலை 6

உங்கள் கடிதத்தை அக்கா சத்தமாகப் படிக்கச் சொன்னாள். அந்த மாப்பிள்ளை இடத்தில் அவள் சிரித்து, இடுப்பு வலித்து, என்னைத் திட்டினாள். நானும் சிரித்துவிட்டேன். சிரித்ததற்காக எரிச்சலாக இருந்தது. உங்களிடம் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

கடைக்காரர் சொல்ல வந்தது இதுதான். நீங்கள் அலசிக் காயப்போட்டது நான் ஐந்து வருடத்துக்கு முன் தேர்ந்தெடுத்த மணல். அப்போது ஒவ்வொரு மாதிரியாக வாங்கி, தட்டில் பரப்பி, லென்ஸ் வைத்துப் பார்த்து, கடைசியில் இரண்டு அளவைக் கலந்து போட்டேன். உங்களுக்கு நினைவிருக்காது. "ரத்தம் எடுக்க வர்றவங்களையே இவ்வளவு நேரம் பாக்க மாட்டா" என்று கேலி செய்தீர்கள். மஞ்சள் பிறகு வந்தான். அவனுக்கு அது பழகின மணல்.

பவள மணலை நன்றாக அலசி, வெயிலில் காயவைத்து, மறுபடி போடலாம். அதில் இருந்த உயிர் போய்விட்டது, மணல் கெடவில்லை. கடைக்காரர் ஓடும் தொட்டியிலிருந்து ஒரு குவளை ஈர மணல் கொடுத்தால், மேலே தூவினால் போதும், கொஞ்சம் கொஞ்சமாக உயிர் வரும். புது மணல் வாங்க வேண்டாம். அலசினது தப்பில்லை. உள்ளே குடித்தனம் இருக்கும்போது அலசினீர்கள், அதுதான் தப்பு.

நீங்கள் கேட்ட ஒரு வார்த்தை. இரண்டு நாள் யோசித்தேன். எனக்கு இன்னும் சலிப்புப் போகவில்லை. அந்த வீட்டை நினைத்தால் வாளிதான் முதலில் ஞாபகம் வருகிறது, பிறகு சிரிப்புச் சத்தம். ஆனால் சுத்தியலை எடுத்து வைத்துவிட்டு என் வார்த்தைக்காக உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதை இரண்டு மூன்று தடவை படித்தேன். நீங்கள் எதற்கும் என்னைக் கேட்டுக்கொண்டு செய்ததில்லை. அந்தச் சுவர் உட்பட.

சுவரை இடிக்க வேண்டாம். டாக்டருக்கு நான் எழுதிவிடுகிறேன்.

தொட்டியைக் காலி செய்து கழுவுங்கள். பாறைகளை முதலில் கண்ணாடி மேலேயே நிறுத்த வேண்டும், மணல் மேல் நிறுத்தினால் மஞ்சள் அடியில் தோண்டும்போது சரியும். அஸ்திவாரம் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். அந்தப் பச்சைக் காளானைப் பாறையோடு டப்பில் வையுங்கள், அது சாகவில்லை என்று நினைக்கிறேன்.

மணலைப் போடாதீர்கள். உயரம் நான்கு விரல். உங்கள் விரலும் வேண்டாம், கடைக்காரர் உத்தேசமாகச் சொல்லும் என் விரல் அளவும் வேண்டாம். என் கையை வைத்துப் பார்த்துத்தான் போட வேண்டும்.

பதினான்காம் தேதி வருகிறேன். அக்காவைப் பார்க்கத் தெரிந்த ஒரு அம்மாவை ஏற்பாடு செய்திருக்கிறேன். வருவது மணல் போட. திரும்பி வந்துவிட்டேன் என்று தெருவில் சொல்லிக்கொண்டு திரியாதீர்கள். மணல் போட்டால் தண்ணீர் பால் போலக் கலங்கும். தெளிகிற வரைக்கும் இருப்பேன். அதற்குப் பிறகு என்ன என்று தெளிந்த பிறகு பார்க்கலாம்.

கலங்கியிருக்கும்போது எதையும் தொடாதீர்கள். எதுவும் சொல்லாதீர்கள்.

*

ஜூலை 10

லேபு,

சுத்தியலை உள்ள வச்சுட்டேன். தொட்டி கழுவியாச்சு. கண்ணாடிக்குள்ள நானே இறங்கி உக்காந்து துடைச்சேன், ஏறி வர கடைக்காரர் கை கொடுக்க வேண்டியிருந்துச்சு. பாறை மூணும் கண்ணாடி மேல ரசமட்டம் வச்சு நிறுத்தியிருக்கேன். ஆடாது. பச்சைக் காளான் காலையில கொஞ்சம் விரிஞ்ச மாதிரி இருந்துச்சு. எனக்கு நிச்சயமாத் தெரியல, வந்து பாரு.

மணலைச் சல்லடையில சலிச்சு ரெண்டு பெரிய அண்டாவுல மூடி வச்சிருக்கேன். தொடல. மேல துணி போட்டு, துணி மேல பலகை வச்சு, பலகை மேல நானே தொடக் கூடாதுன்னு செங்கல்லு வச்சிருக்கேன். மணலைத் தண்ணிக்குள்ள இறக்க ஒரு நீளக் குழாய் அறுத்து வச்சிருக்கேன், மேல இருந்து கொட்டாம அடியில போய் மெதுவா விழும். கான்கிரீட்டுக்கு அப்படித்தான் செய்வோம். சரியான்னு நீதான் சொல்லணும். சரியில்லன்னா விட்டுடுறேன்.

உப்புத் தண்ணி கலக்கிட்டேன். பக்கெட்டு எல்லாம் நானே தூக்கிக்கிறேன். நீ கையை மட்டும் கொண்டு வா.

மஞ்சளு கிண்ணத்துல தூங்குறான்.

இதுக்குக் கீழ ஒரு வரி எழுதி அடிச்சிருக்கேன். வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்காத. கேலிதான். நல்லாவும் இருந்துச்சு. தண்ணி தெளியட்டும், அப்புறம் சொல்றேன்.

மேஸ்திரி